ஈடு செய்ய முடியாத ஒத்திகை

யாரும் இன்னும் சாகவில்லையே என்று எழில்மதி நினைத்தாள். நினைத்த பிறகுதான், அதற்குள் அந்த 'இன்னும்' எப்படி வந்து உட்கார்ந்தது என்று திடுக்கிட்டாள். அது அவளுடைய சொல் இல்லை. ஈரச் சுவரில் சாய்ந்தவள் முதுகில் சுண்ணாம்பு ஒட்டுவது போல, இந்த அறையின் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

"எழில், கவனம் இங்க இருக்காம்மா?" வெள்ளைப் பலகையின் முன் நின்ற பேராசிரியர் ஜெயராமன் கேட்டார்.

"இருக்கு சார்."

"என்ன சொன்னேன்?"

"விழாவுல யாராவது இறந்துட்டா, இரங்கல் கூட்டத்தையும் நானே தொகுத்து வழங்கணும்னு சொன்னீங்க."

"வெரி குட். விழாவுக்கும் அதுக்கும் ஒரே குரல்தான் இருக்கணும். திடீர்னு வேற குரல் வந்தா, ஏதோ நடந்துடுச்சோன்னு ஜனங்க பயந்துடுவாங்க."

அறையில் இருந்த எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். எழில்மதியும் குறித்துக்கொண்டாள்.

அறைக்கதவில் 'நிகழ்ச்சி மேலாண்மை மையம்' என்று பித்தளைப் பலகை இருந்தது. மையம் வருவதற்கு முன்பு, 'கனல்' என்ற அந்த ஆண்டு விழாவைக் கல்லூரி மாணவர்களே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மைக் செட்டுக்காரரைப் பிடிப்பான். ஒருத்தி சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸிலிருந்து குத்துவிளக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். சுருதி சேராமல் பாடுவார்கள், பொட்டலச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு வருடம் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய சால்வையில் விலைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் படித்தும்விட்டார். அன்று மாலையே கல்லூரி முதல்வர் திலகவதி மையத்தை நிறுவினார். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் விழா நடக்கவில்லை, ஏற்பாடுகள் நடந்தன. இந்த ஆண்டுதான் ஏற்பாடுகள் முற்றி, விழாவே நடந்துவிடும் என்ற நிலை வந்திருந்தது.

எழில்மதி பி.காம். இரண்டாம் ஆண்டு. கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவளை மையத்தில் சேர்த்ததும் ஊரில் அம்மா வீரம்மாள் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்: "எம்பொண்ணு காலேஜுல மேனேஜ்மெண்டுல இருக்கா." அதைத் திருத்த எழில்மதிக்கு மனம் வரவில்லை.

இரங்கல் என்ற பேச்சு தொடங்கியதே அவளால்தான். ஒரு கூட்டத்தில், "வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா" என்று முதல்வர் கேட்டபோது, கேட்டதை நம்பி அவள் எழுந்துவிட்டாள். "மேடம், வெள்ளி விழா அரங்கத்துல மேடைக்கு மேல இருக்கற உத்தரம் விரிஞ்சிருக்கு. பூச்சு உதிர்ந்துகிட்டே இருக்கு. உள்ள கம்பி தெரியுது. வளர்மதி ஆடும்போது தோள் மேல விழுந்துச்சு."

வளர்மதி அவளுடைய தோழி. நடனக் குழுவில் நடுவில் நிற்பவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள், தோளைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள்.

"அது சாம்பல்மா," என்றார் முதல்வர்.

அனல் மின் நிலையம் புகையும் நெய்வேலியில் மேலிருந்து எது விழுந்தாலும் அதற்குச் சாம்பல் என்று பெயர். கொடியில் காயும் துணியில், நிறுத்திவைத்த வண்டியில், மூடாத குழம்பில் விழுவது எல்லாம் சாம்பல்தான். தட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆனால் சாம்பலை விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். வளர்மதியின் தோளில் இருந்தது நெருநெருவென்று இருந்தது. அதில் மணல் இருந்தது. அந்த அறையில் இருந்த எல்லோருமே சாம்பல் துடைத்து வளர்ந்தவர்கள். எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். எல்லோரும் முதல்வரைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"இருந்தாலும் ஒரு அபாயத்தைக் கண்டுபிடிச்சிருக்கா," என்றார் ஜெயராமன். எழில்மதிக்குக் கைத்தட்டல் கிடைத்தது. பலகையில் 'கூரை' என்று ஒரு கட்டம் போட்டு அதைச் சிவப்பாக்கினார்கள். ஒரு கட்டம் சிவப்பாக இருந்தாலும் விழாவுக்கு அரங்கத்தைத் திறக்கக் கூடாது என்பது மையத்தின் விதி. அந்த விதியை வைத்துத்தான் மையம் மாநில அளவில் ஒரு பாராட்டுக் கேடயம் வாங்கியிருந்தது.

கூரையைச் சரிசெய்வது கட்டட மையத்தின் வேலை. கேட்டுப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் எதையும் தொட முடியாது, கோடையில் தொட வேண்டிய அவசியம் இல்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் அசோக்குமார் வந்தார். இந்தக் கல்லூரியின் பழைய மாணவர். கடலூரில் கல்யாணங்களை நடத்திக் கொடுத்து, இப்போது நிகழ்ச்சி ஆலோசகராக உயர்ந்தவர். சிவப்புக் கட்டத்தின் முன் நின்று மோவாயைத் தடவினார்.

"சார், ஒரு ஈவென்ட்னா பாதி நடக்கறது. மீதி பாதி, நடந்துட்டா என்ன பண்றதுங்கறது. கூரை நம்ம கையில இல்ல. கூரை விழுந்தப்புறம் நம்ம கையில என்னெல்லாம் இருக்கு? பூ இருக்கு. போட்டோ ஃப்ரேம் இருக்கு. மெழுகுவத்தி இருக்கு. நல்ல தமிழ் இருக்கு. அதை வச்சு ஒரு தரமான இரங்கல் கூட்டத்தை ரெடி பண்ணிட்டோம்னா, கூரைக்கு எதிர்ல நமக்கு ஒரு ஏற்பாடு இருக்குன்னு ஆயிடுது. கட்டம் பச்சை."

திலகவதி எழுந்து வந்து அந்தச் சிவப்புக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தழுதழுத்த குரலில், "மாணவர்கள் மேல அக்கறை இருக்கறவங்களுக்குத்தான் இந்த யோசனை வரும்," என்றார்.

தொகுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் வந்தது. இரங்கலில் 'ழ' அதிகம். ஆழ்ந்த, வாழ்ந்த, இழந்த, எழில்மிகு, ஈடு செய்ய முடியாத இழப்பு. துணைப் பேராசிரியர்கள் உட்படப் பலரும் 'ஈடு செய்ய முடியாத இளப்பு' என்றார்கள். பின்வரிசையில் யாரோ மூச்சு வாங்கிக் காட்டியதும் கூட்டம் குலுங்கியது. அசோக்குமார் செல்போனில் கணினிக் குரலை வைத்துப் பார்த்தார். அது 'இலப்பு' என்றது.

எழில்மதிக்கு மட்டும் நாக்கு மடிந்தது. அது எளிதில் வந்தது இல்லை. ஊரில் வாழைப்பழம் வாயப்பயம், அவள் எயிலு. பள்ளியில் தன் பெயரைத் தானே தப்பாகச் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். பஸ்ஸின் இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி, ஜன்னலைப் பார்த்துத் தன் பெயரையே சொல்லிச் சொல்லி அந்த எழுத்தைச் சம்பாதித்தாள். இப்போது அது ஒரு சாவுக்கு வேண்டியிருந்தது. முதல்வர் எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டார். "என்ன ஒரு 'ழ'. இதுக்காகவே நடக்கணும் போல இருக்கு," என்றார். பிறகு, "விழா," என்று சேர்த்துக்கொண்டார்.

உரையையும் அவளே எழுதினாள். 'நம்மிடையே சிரித்துக்கொண்டிருந்த' என்று தொடங்கி, பெயருக்கு இடம் விட்டு, நன்றாக வந்துவிட்டது. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. நன்றாக வந்த ஒன்றை நாலு பேர் முன்னால் படிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த ஆசைக்குள் கையை விட்டுப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் அதைப் படிப்பதற்கு ஒரு வழிதான் இருந்தது.

அரங்கத்திலேயே ஒத்திகைகள் தொடங்கின; விதி விழாவுக்குத்தான், ஒத்திகைக்கு இல்லை. விழாவின் ஒத்திகை ஒன்றும் சரியாக வரவில்லை. விளக்கு ஏற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் செருப்பைக் கழற்ற மறந்தார்கள். கைத்தட்டுவதற்கு நியமிக்கப்பட்ட வணிகவியல் துறை, சிறப்பு விருந்தினராக நடித்தவர் இருமியபோதே தட்டிவிட்டது. ஆனால் இரங்கல் நாளுக்கு நாள் மெருகேறியது. ஜெயராமன் வரிசை வரிசையாகத் துக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

"தலை குனியறது ஒரே நேரத்துல இருக்கணும். துக்கம் முதல் வரிசையில ஆரம்பிச்சுப் பின்னால போகணும். நடுவுல யாரும் சொந்தமா அழக் கூடாது. மௌன அஞ்சலியில கொசு கடிச்சாலும் அசையக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்," என்று மாணவர்கள் துக்கமாகச் சொன்னார்கள்.

ஒரு மதியம், எல்லோரும் அசையாமல் நின்றிருந்தபோது மேலே ஏதோ முனகியது. தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூச்சுத் துண்டு உத்தரத்திலிருந்து கழன்று, மேடை நடுவில் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் விழுந்து உடைந்தது. நடனத்தில் வளர்மதி நிற்க வேண்டிய வட்டம் அது. நல்ல வேளையாக அவள் அப்போது கீழே, முதல் வரிசையில், தலை குனிந்து நின்றிருந்தாள். வெள்ளைத் தூசி மெல்லப் பரவி வந்து எல்லோர் தலையிலும் இறங்கியது.

யாரும் அசையவில்லை. ஒருவர்கூடத் தும்மவில்லை. ஓடு என்று உடம்பு சொன்னதை எழில்மதி கேட்டாள். ஆனால் மைக்கைப் பிடித்த கை நடுங்காமல் நின்றது. அந்தக் கையை நினைத்து, ஒரு கணம், அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"பாத்தீங்களா மேடம்?" அசோக்குமார் கிசுகிசுத்தார். "சினிமாவுல கூட இவ்வளவு டிசிப்ளின் கிடைக்காது."

முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி விழுந்திருக்கலாம்.

அடுத்து போட்டோ. வெற்று ஃப்ரேமை வைத்தால் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்கவில்லை. ஒரு முகம் வேண்டும் என்றார் அசோக்குமார். அடையாள அட்டைகளைப் புரட்டிப் பார்த்ததில் வளர்மதியின் முகம்தான் பளிச்சென்று இருந்தது. பெரிதாக்கி, மாலை போட்டு, மேடையில் வைத்தார்கள்.

வளர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏய் எழில், செத்தாத்தான் நான் இவ்வளவு அழகா இருக்கேன்டி," என்று மாலைபோட்ட தன் படத்தின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போட்டாள். குவார்ட்டர்ஸில் அதைப் பார்த்த அவள் அம்மா, போட்ட நைட்டியோடு ஆட்டோ பிடித்துக் கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டாள். மகளைப் பார்த்ததும் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அப்படியே கட்டிக்கொண்டாள். மையம் அன்றே ஒரு சுற்றறிக்கை விட்டது: ஒத்திகைத் துயரங்களை முன் அனுமதி இல்லாமல் வெளியே பகிரக் கூடாது.

அன்று மாலை வளர்மதி அவளை வழியனுப்பப் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் தெரிந்த பிறகுதான் கேட்டாள். "அந்த வட்டத்தக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லேன்டி. நீ சொன்னா கேப்பாங்க."

"சொல்லிட்டேன். லைட்டு அங்கதான் விழுதாம்."

"நான் ஆடலன்னு சொன்னா?"

"சொல்லிப் பாத்தியா?"

"சொன்னேன். ஜெயராமன் சார் வேற யாரையாவது நடுவுல நிக்க வைக்கறேன்னாரு." வளர்மதி செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "வேற யாரை நிக்க வைக்கச் சொல்றதுடி? அதான் சரின்னுட்டேன்."

வீட்டில் எழில்மதி உரையைச் சன்னமாகப் படித்துப் பார்த்தாள். கொல்லையில் துணியை உதறிக்கொண்டிருந்த வீரம்மாள், ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"எயிலு, யாருடி செத்தது?"

"யாரும் இல்லம்மா. ஒத்திகை."

"ஒத்திகையா? யாரு வூட்டுப் பொண்ணு அது?"

"எந்த வூட்டுப் பொண்ணும் இல்ல. பேரு காலியா இருக்கு."

வீரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி நின்றாள். "அப்ப நான் யாருக்குடி அழுவுறேன்?" என்றாள். மறுபடி துணியை உதறப் போனாள். அன்று வழக்கத்தைவிட ஓங்கி உதறினாள்.

விழாவுக்கு முந்தைய நாள் காலையில் எழில்மதியை மையத்துக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவு அறைக்கு அழைத்தார்கள். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டிய சிறிய அறை. கதவைச் சாத்தியதும் வெளிச் சத்தமெல்லாம் அறுந்துபோனது. தன் மூச்சே தனக்குப் பக்கத்தில் வேறு யாரோ விடுவது போல் கேட்டது.

முதல்வர் நாற்காலியில் இருந்தார். ஜெயராமன் பச்சை மார்க்கரை மூடி கழற்றிக் கையில் வைத்திருந்தார். பலகையை அறைக்கு உள்ளேயே கொண்டுவந்திருந்தார்கள். கட்டங்கள் எல்லாம் பச்சை. கூரை மட்டும் சிவப்பு.

"உக்காரும்மா," என்றார் திலகவதி. "நாளைக்கு நீ நேர்ல படிச்சா அழுதுடுவ. மனுஷிதானே. அழுதா 'ழ' உடைஞ்சுடும். அதனால இப்பவே பதிவு பண்ணிடலாம்னு அசோக் சொல்றார்."

"ஒரே டேக்," என்றார் அசோக்குமார், காதில் ஹெட்ஃபோனைச் சரிசெய்தபடி. "பேர் வர்ற எடத்துல நிறுத்திடு. அப்புறம் டான்ஸ் டீம் பொண்ணுங்க பேரையெல்லாம் தனித்தனியா, அதே சோகத்துல படிச்சுக் குடுத்துடு. ரயில்வே ஸ்டேஷன்ல ஊர் பேரை நடுவுல சேத்து அறிவிக்கறாங்கல்ல, அந்த மாதிரி நான் சேத்துக்கறேன்."

"எல்லார் பேரையுமா சார்?"

"பாரபட்சம் இருக்கக் கூடாதுல்ல." அவர் கொஞ்சம் யோசித்தார். "வளர்மதிய ரெண்டு தடவை படி. பேக்கப்."

எழில்மதி பலகையைப் பார்த்தாள். அவளுக்குள் இத்தனை நாள் துண்டு துண்டாகக் கிடந்த ஏதோ ஒன்று, யாரும் சேர்க்காமலே சேர்ந்தது.

"மேடம், இதைப் படிச்சுட்டா கூரைக் கட்டம் பச்சையாயிடுங்களா?"

"உடனே ஆயிடும். அது ஒண்ணுதான் பாக்கி." முதல்வரின் முகத்தில் பூரிப்பு இருந்தது.

"கூரை மேல யாராவது ஏறிப் பாத்தாங்களா மேடம்?"

"அதுக்குத்தானேம்மா நீ இருக்க," என்றார் திலகவதி அன்பாக.

"நான் படிக்கலன்னா?"

"படிக்கலன்னா சிவப்பு. சிவப்போட அரங்கத்தைத் திறக்க முடியாது, நாமளே போட்ட விதி. கேடயத்தைத் திருப்பிக் கேட்டுடுவாங்க. வெளிய புல்தரையில ஷாமியானா போட்டு, பழைய காலம் மாதிரி மைக் செட்டு வச்சு நடத்தணும். அந்த அசிங்கம் இந்தக் கல்லூரிக்கு வேண்டாம்." அவர் குரலை இறக்கினார். "நீ நல்ல பொண்ணு. மேல படிக்கணும்ப, வேலைக்குப் போகணும்ப. எங்க போனாலும் உன்னைப் பத்தி என்னைத்தானே கேப்பாங்க. இவ்வளவு நல்ல உச்சரிப்பை நீ வீணாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அசோக்குமார் விரலைத் தூக்கினார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

உரை அவளுக்கு மனப்பாடம். முதல் சொல் நாக்கில் வந்து நின்றது. அதை விட்டால் மற்றது எல்லாம் தானாக வரும். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தாள். வாயைத் திறந்தால் கட்டம் பச்சை. கட்டம் பச்சையானால் கதவு திறக்கும். கதவு திறந்தால், வேறு யாரையும் நிறுத்த மனமில்லாத வளர்மதி, வட்டத்துக்குள் போய் நிற்பாள். அதற்குப் பிறகு இந்த அழகான உரையில் ஒரு காலி இடம்தான் மிச்சம்.

எழில்மதி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சை மட்டும் விட்டாள். ஜெயராமன் கையில் மார்க்கரின் முனை காய்ந்துகொண்டிருந்தது. முதல்வர் ஒருமுறை தொண்டையைக் கனைத்தார். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அசோக்குமார் விளக்கை அணைத்தார். பதிவானதைப் பின்னால் ஓட்டிக் கேட்டார். அவர் புருவம் மெல்ல உயர்ந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி முதல்வரின் காதில் வைத்தார்.

"மேடம், இந்த மௌனத்தக் கேளுங்க. எவ்வளவு கனமா வந்திருக்கு. பேச்சே வேண்டாம் போலிருக்கே. இதையே அஞ்சலியாப் போட்டுடலாம். யாருக்கு வேணா பொருந்தும்."

திலகவதி கண்ணை மூடிக் கேட்டார். தலை தானாகவே குனிந்தது. ஜெயராமன் மார்க்கரோடு பலகையை நெருங்கி, "அப்ப பச்சை பண்ணிடட்டுங்களா மேடம்?" என்றார்.

"அதை அழிச்சிடுங்க சார்," என்றாள் எழில்மதி. குரல் உயரவில்லை.

"எதை?"

"இப்ப பதிவானதை."

"ஏம்மா, ஒரு வார்த்தை கூட இல்லியே அதுல," என்று அசோக்குமார் சிரித்தார்.

"அது அஞ்சலி இல்லைங்க சார். நான் மாட்டேன்னு சொன்னது."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அசோக்குமார் அழித்து முடிக்கும்வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.